பொற்சிமிழ் எழுப்பும் ஒரு வினா

2024ஆம் ஆண்டு நவம்பர் 20ஆந் திகதி, பட்டப்பகலில், பாரிஸ் நகரிலுள்ள கொன்யாக்-ஜே நூதனசாலையினுள் கோடரிகளுடன் புகுந்த நால்வர், பார்வையாளரின் கண்முன்னேயே கண்ணாடிப் பேழையொன்றை உடைத்து ஏழு பொருள்களை எடுத்துக்கொண்டு ஓடினர். அவர்கள் கொண்டுபோனவை பெரும் ஓவியங்களுமல்ல, சிற்பங்களுமல்ல; உள்ளங்கையில் அடங்கிவிடும் மூக்குத்தூட் சிமிழ்களும் அவற்றையொத்த சிறு பேழைகளுமே. செய்தியறிந்த கலையார்வலர் முதலில் அஞ்சியது ஒன்றைப்பற்றித்தான்: உருக்கிவிடுவார்களோ?

இந்த அச்சத்தைச் சற்று நின்று நோக்குதல் தகும். சிமிழை உருக்கினால் பொன்னில் ஒரு குன்றிமணியெடையும் குறைவதற்கில்லை. மூசையில் இட்ட பொன் முழுவதும் மூசையிலேயே கிடக்கும். அங்ஙனமாயின் எது குறைந்துபோகின்றதென்று நாம் அஞ்சுகிறோம்? ஒரு மனிதனின் கைத்திறன், அவனது பல மாத உழைப்பு என்று விடை கூறலாம். இந்த விடையை ஏற்றுக்கொண்ட மறுகணமே வேறொரு வினா குறுக்கிடுகின்றது. அந்தக் கைத்திறன் யாருக்காகச் செலவிடப்பட்டது? உணவுப் பஞ்சங்களால் அலைக்கழிந்த ஒரு நாட்டில், மூக்கிலே தூள் இட்டுக்கொள்ளும் பிரபுக்களின் கைவிளையாட்டுக்காகச் செய்யப்பட்ட ஒன்றை அழகென்று போற்றவும், அது அழிந்தால் வருந்தவும் நமக்கு நியாயம் உண்டா? இக்கட்டுரை அந்த வினாவைத் தொடர்ந்து செல்லும் ஒரு முயற்சியாகும்.

சிமிழ் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது குங்குமச் சிமிழ். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸின் சிமிழ் வேறு வகையானது. அக்காலத்தில் மூக்குத்தூள் போடுதல் ஆடவர், மகளிர் என்ற வேறுபாடின்றி உயர்குடியினரின் நாகரிகமாயிருந்தது. சிமிழை எடுத்தல், மூடியை விரலால் தட்டுதல், திறந்து அருகிலிருப்பவருக்கு நீட்டுதல், நுனிவிரலால் ஒரு சிட்டிகை எடுத்தல் என ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு முறைமை இருந்தது. ஆகவே சிமிழ் உள்ளிருந்த பொருளுக்கான கலம் என்பதிலும் பார்க்க, அதனை வைத்திருப்பவனைப் பற்றிய அறிவித்தலாகவே பயன்பட்டது. 1780களில் பாரிஸ் வாழ்க்கையைப் பல தொகுதிகளில் எழுதிய மெர்சியே, பருவத்துக்கொரு சிமிழ் வைத்திருந்தோரை எள்ளி நகையாடுகின்றார். மாரிக்குப் பாரமானதாம், கோடைக்கு இலேசானதாம். முந்நூறு சிமிழ்களை உடையவனுக்கு நூலகம் வேண்டியதில்லை என்பது அவரது கேலி.

அரசனது கையிலே அதே சிமிழ் அரசியற் கருவியாயிற்று. உடன்படிக்கை முடித்துவைத்த பிறநாட்டு அமைச்சருக்கும், பணிமுடிந்து நாடு திரும்பும் தூதுவருக்கும், அரசனின் உருவப்படம் பதித்து வைரங்களால் சூழப்பெற்ற பொற்சிமிழ் பரிசளிக்கப்பட்டது. பணமாகக் கொடுத்தால் அது கையூட்டு. சிமிழாகக் கொடுத்தால் அது கௌரவம். பெற்றவர் பலர் அதனை நகைவணிகரிடமே திருப்பிக் கொடுத்துப் பணமாக்கிக் கொண்டனர். வணிகர் அரசனுக்கே மறுபடியும் அதனை விற்றனர். ஒரே சிமிழ் இவ்வாறு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பரிசாகிச் சுற்றியமைக்கு அரச பரிசில்களைப் பதிந்துவைத்த ஏடுகள் சான்று. கொடுத்தவனுக்கு அது தயவு. பெற்றவனுக்கு அது பணம். இடையில் நின்ற வணிகனுக்கு அது சரக்கு. அதனை ஒரு வேலையாக, செய்யப்பட்ட ஒரு பொருளாக, இவர்களில் எவர் நோக்கினர் என்பது கேட்கத்தக்கது.

இத்தகைய பொருளைக் கண்டித்தல் எளிது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அதைச் செய்தவர் ரூசோ. 1762இல் வெளியான 'எமில்' என்னும் நூலில், அவர் வளர்க்கும் கற்பனைச் சிறுவனின் கண்ணுக்குப் பொற்கொல்லரும் செதுக்குவோரும் பொன்முலாம் பூசுவோரும் பயனற்ற விளையாட்டில் காலங்கழிக்கும் சோம்பேறிகளாகவே தோன்றுகின்றனர். தொழில்களுக்கு உலகம் தரும் மதிப்பு அவற்றின் உண்மைப் பயனுக்குத் தலைகீழாக அமைந்துள்ளது என்பது அங்கு அவர் வற்புறுத்தும் கருத்து. இதை எழுதியவர் கடிகாரத் தொழிலாளியொருவரின் மகன் என்பதும், 1725இல் ஜெனீவா நகரிற் செதுக்குத் தொழில் செய்யும் ஒருவரிடம் தொழில் பயில விடப்பட்டவர் என்பதும் மனங்கொளத்தக்கன. அவர் பழித்த உளியை அவரே பிடித்திருக்கின்றார். பிடித்த கை பழிக்கும்போது அப்பழிப்புக்கு ஒரு கனம் உண்டு.

எதிர்த்தரப்பில் நின்றவர் வோல்ட்டேர். 1736இல் அவர் எழுதிய கவிதையொன்று ஆடம்பரத்துக்காக வழக்காடுகின்றது. செல்வரின் ஆடம்பரம் ஏழைக்கு வேலை தருகின்றது என்ற இவ்வாதத்தை அவருக்கு முன்னரே, 1714இல், மண்டவில் தம் தேனீக்களின் கதையில் நிறுவ முயன்றிருந்தார். இவ்வாதத்தின்மீது அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை என்றே கருதுகின்றேன். பிழைப்புத் தருகின்றது என்பது பீரங்கி வார்ப்புக்கும் பொருந்தும். எந்தத் தொழிலுக்கும் பொருந்துகின்ற நியாயம் எந்தத் தொழிலையும் நியாயப்படுத்துவதில்லை.

இந்த வழக்கை வேறொரு நீதிமன்றத்துக்கு மாற்றியவர் கான்ற். 1790இல் வெளியான அவரது நூலின் தொடக்கப் பகுதியில் ஓர் அரண்மனையை எடுத்துக்காட்டாக வைக்கின்றார். அரண்மனை அழகாயுள்ளதா என்று ஒருவர் கேட்டால், மக்களின் வியர்வையை வீண்பொருளிற் செலவிடும் பெரியோரின் தற்பெருமையை ரூசோவின் பாணியில் நான் ஏசலாம். அவ்வேச்சை நீங்கள் ஏற்றுக்கொள்ளவுங்கூடும். எனினும் கேட்கப்பட்ட வினா அதுவன்று என்பது அங்கு அவர் கூறுவதன் சாரம். ஒரு பொருளை வெறுமனே நோக்குகையில், அது இருப்பதால் யாருக்கு என்ன என்ற அக்கறை சிறிதுமின்றி, அந்நோக்கு நமக்கு மகிழ்வு தருகின்றதா என்பது மட்டுமே சுவைத்தீர்ப்பின் வினாவாகும்.

கான்றின் பிரிப்பு நேர்மையானது. ரூசோவின் குற்றச்சாட்டை அவர் மறுக்கவில்லை. அதற்குரிய இடம் வேறு என்கின்றார். அழகானது ஆகையால் நல்லது என்ற மயக்கத்திலிருந்தும், தீயவருக்காகச் செய்யப்பட்டது ஆகையால் அழகற்றது என்ற மயக்கத்திலிருந்தும் அது நம்மைக் காக்கின்றது. நமது இலக்கிய விமரிசனத்தில் இரண்டாவது மயக்கம் அடிக்கடி தலைகாட்டுவதுண்டு என்பதை இவ்விடத்துச் சொல்லாமற் போக முடியவில்லை. ஆயினும் அரண்மனை, சிமிழ் ஆகிய இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அரண்மனையைத் தூர நின்று வடிவமாக நோக்கலாம். சிமிழ், செய்யப்பட்ட விதத்தை அறியாமல் நோக்கத்தக்க பொருளன்று. அதன் அழகின் பெரும்பகுதி அதன் செய்கையில் உள்ளது. செய்கையை நோக்கினால் செய்தவனை நோக்காதிருக்க இயலாது. உழைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு அழகை மட்டும் நோக்குவோம் என்ற கான்றின் ஏற்பாடு, உழைப்பே அழகாக நிற்கும் இடத்தில் எவ்வாறு செல்லும்?

இதனை விளங்கிக்கொள்ள வேலைத்தலத்துக்குள் நுழைய வேண்டும். பாரிஸின் பொற்கொல்லர் பலர் சேன் நதியின் நடுவேயுள்ள தீவில், தோபின் சதுக்கத்தைச் சூழவும், இன்றும் பொற்கொல்லர் துறை என்னும் பெயரைத் தாங்கிநிற்கும் கரையோரமாகவும் வாழ்ந்தனர். 1734இல் தலைமைத் தொழிலாளியாகப் பதிவுபெற்ற ழான் டுக்ரோலே இச்சதுக்கத்திலேயே தொழில் நடத்தினார். சிமிழ்த் தொழிலின் உச்சமெனக் கருதப்படும் பொருள்கள் சில இவரது முத்திரையைத் தாங்கியவை. திதெரோவின் கலைக்களஞ்சியத்தோடு வெளிவந்த படத்தொகுதிகளில் நகைத்தொழிலாளரின் பட்டறை காட்டப்பட்டுள்ளது. சன்னலோரம் நீண்ட பலகை. ஒவ்வொருவரும் அமரும் இடத்தில் அது உட்குழிவாக வெட்டப்பட்டிருக்கும். அக்குழிவின் கீழே தோல் தொங்கும். அராவும்போது உதிரும் பொற்றூள் அத்தோலில் விழும். தரையைக் கூட்டிய குப்பையைக்கூட எரித்துக் கழுவிப் பொன்னைப் பிரித்தெடுப்பர். பொன்னில் ஒரு துகளும் வீண்போகாதபடி அமைந்த இடம் அது.

சிமிழின் உயிர்நிலை அதன் கீல். மூக்குத்தூள் உலர்ந்துவிட்டால் மணம் போய்விடும். சட்டைப்பையிற் கொட்டிவிட்டால் உடை பாழாகும். ஆதலின் மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும். அதேவேளை ஒரு கையால், ஓசையின்றி, எளிதில் திறக்கவும் வேண்டும். இதற்காகப் பொற்றகட்டை நுண்ணிய குழாயாக இழுத்து, அதனைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒன்று மூடியிலும் மற்றது உடலிலுமாக மாறிமாறிப் பற்றவைத்து, நடுவே ஊசி செருகுவர். பிறகு கீல் முழுவதும் சுவரின் கனத்துக்குள்ளேயே மறையுமாறு அராவுவர். சிறந்த சிமிழொன்றை மூடிவைத்தால் எப்பக்கம் திறக்கும் என்பதைக் கண்ணால் எளிதிற் கண்டுபிடிக்க முடியாது. பற்றவைத்தலிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒவ்வொரு பற்றாசும் முந்தியதிலும் குறைந்த வெப்பத்தில் உருகுவதாயிருத்தல் வேண்டும். ஊதுகுழலை ஒரு கணம் அதிகமாக ஊதினால் முன்பு பற்றிய இடங்களெல்லாம் விட்டுப்போகும்.

அணிவேலை இதன்பின்னரே தொடங்கும். பொன்னோடு செம்பைக் கூட்டினால் சிவப்பு. வெள்ளியைக் கூட்டினால் பசுமை சாயும். இவ்வாறு பல நிறப் பொன்களைக் கொண்டு மாலைகளும் பறவைகளும் செதுக்குவர். அல்லது தகட்டில் அலைவரிகளைக் கீறி, அதன்மேல் ஒளிபுகும் எனாமலை இட்டுச் சூளையில் வைப்பர். ஒரு நிறத்துக்கு ஒரு தடவை, மற்றொரு நிறத்துக்கு மறுதடவை எனப் பலமுறை சூளைக்குச் சென்று வரவேண்டும். இறுதித் தடவையில் எனாமல் வெடித்தாற்கூட அத்தனையும் வீண். 1721ஆம் ஆண்டின் அரச கட்டளையொன்று சிறு பொற்பொருள்களை 20¼ காரட் தரத்திற் செய்ய இடமளித்தது. பொன்னின் தரம் இவ்வளவு நுணுக்கமாக அளக்கப்பட்டது. விலைச்சிட்டையிலோ பொன்னின் எடைக்கு ஒரு தொகையும் செய்கூலிக்கு ஒரு தொகையும் தனித்தனியே காட்டப்பட்டன. சிமிழை உருக்கும்போது முதலாவது தொகை மீளும். இரண்டாவது காற்றிற் போகும். கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்குப் பொற்கொல்லரின் கணக்கேட்டிலேயே விடை இருந்திருக்கின்றது.

நாம் இச்சிமிழ்களைப் படங்களில் மட்டுமே கண்டவர்கள் என்பதை இங்கு ஒப்புக்கொள்ளுதல் நன்று. புத்தகத்திற் பெருப்பிக்கப்பட்ட படத்தில் அது ஒரு பெட்டகம்போலத் தோன்றும். கீல் மறைந்திருப்பது படத்தில் தெரியாது. மறைந்திருக்கும் ஒன்று எப்படித் தெரியும்? எனினும் இவ்வேலையைப் பற்றி வாசித்தபொழுது எனக்கு ஏற்பட்டது பிரபுவின் செல்வத்தின்மீதான வியப்பன்று. எவரும் பார்க்கப்போவதில்லை என்பதற்காகவே செம்மையாகச் செய்யப்பட்ட ஒரு வேலையின் முன் தோன்றும் ஒருவகை அடக்கமே அது. வாங்குவோன் அதன் அருமையை அறியான். கீலைச் செய்தவனுக்கு மட்டுமே அது எவ்வளவு நன்றாயுள்ளது என்று தெரியும். அங்கே வேலையின் அளவுகோல் வாங்குவோனின் பணத்திலிருந்து பிரிந்து, வேலைக்குள்ளேயே குடிகொண்டுவிடுகின்றது.

செய்தவனைப் போற்றுவோம் என்றால், செய்தவன் யார்? சிமிழின் உட்புறத்தில் முத்திரைகள் உள்ளன. முடிசூடிய லில்லி மலர், இரு சிறு புள்ளிகள், தலைமைத் தொழிலாளியின் பெயரெழுத்துகள், அவனுக்குரிய ஒரு சின்னம் ஆகியவை சேர்ந்தது ஒரு முத்திரை. பொன்னின் தரத்தைச் சோதித்த சங்கத்தின் முத்திரை ஆண்டுதோறும் எழுத்து மாறுவது. வரிக் குத்தகைக்காரர் வேலை தொடங்கும்போது இடும் முத்திரை ஒன்று. வேலை முடிந்து வரி செலுத்தியபின் இடும் முத்திரை மற்றொன்று. இவற்றைக் கொண்டே இன்றைய அறிஞர் ஆண்டையும் ஆளையும் துணிகின்றனர். கலைஞனின் கையொப்பம்போல இவற்றை நாம் வாசிக்கின்றோம். ஆனால் கலைஞனைக் கௌரவிக்க எழுந்தவையல்ல இவை. பொன்னிற் கலப்பான் என்ற ஐயமும், வரியை ஏய்ப்பான் என்ற ஐயமுமே இவற்றின் தாய்தந்தையர். பொற்கொல்லன் என்றதும் சிலப்பதிகாரத்தை நினைக்கும் நமக்கு இவ்வையம் புதியதன்று. முத்திரையைப் போலியாகச் செய்தல் அந்நாட்டுச் சட்டத்தில் மரணதண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. எனினும் ஜெனீவாவிலும் ஜெர்மனியின் ஹனாவிலும் பாரிஸ் முத்திரையையொத்த குறிகளை இட்டுச் சிமிழ்கள் செய்யப்பட்டன. ஐயத்தின் குறியாகத் தொடங்கியது காலப்போக்கிற் புகழின் குறியாக மாறியமைக்கு அப்போலிகளே சான்று.

மேலும், முத்திரையிடும் உரிமை தலைமைத் தொழிலாளிக்கு மட்டுமே உண்டு. பாரிஸில் அவர்தம் தொகை முந்நூறாக வரையறுக்கப்பட்டிருந்தது. எட்டாண்டுத் தொழிற்பயிற்சி, அதன்பின் கூலித்தொழிலாளியாகச் சில ஆண்டுகள், பின்னர் தேர்வு வேலை என்பன முறை. தலைமைத் தொழிலாளியின் புதல்வருக்கோ வழி எளிதாக்கப்பட்டிருந்தது. வாயில் திறக்கும்வரை காத்திருந்தவர், வாழ்நாள் முழுவதும் காத்தேயிருந்தவர் எத்தனைபேர்! செதுக்குவோன், அலைவரி கீறும் பொறியை இயக்குவோன், எனாமல் இடுவோன், மெருகிடுவோன் எனப் பலரது கைகள் ஒரு சிமிழிற் படிந்தன. எனாமல் ஓவியர் சிலர் தம் பெயரை ஒரு மூலையில் எழுதினர். ஏனையோரின் பெயர் எங்குமில்லை. டுக்ரோலேயின் சிமிழ் என்று நாம் கூறும்போது ஒரு பட்டறையின் பெயரைக் கூறுகின்றோமே தவிர ஒரு கையின் பெயரை அல்ல. அதற்கும் மேலே, எதையும் செய்யாமல் எல்லாவற்றையும் விற்ற ஆடம்பரப்பொருள் வணிகர் நின்றனர். அவர்களுள் ஒருவரான லசார் டுவோவின் 1748 முதல் 1758 வரையான கணக்கேடு இன்றும் உள்ளது. வாங்கிய பெருமக்களின் பெயர்கள் அதில் வரிசையாக வருகின்றன.

இங்கு றஸ்கினின் நினைவு வருகின்றது. 1849இல் வெளியான நூலில், ஓர் அணிவேலையைப் பற்றிக் கேட்கவேண்டியது அதைச் செய்தவன் மகிழ்ந்து செய்தானா என்பதே என்று அவர் கருதினார். 1853இல் இன்னும் முன்சென்று, கண்ணாடி மணிகளை வாங்குவோர் அடிமை வாணிபத்துக்குத் துணைபோகின்றனர் என்றார். நாள்முழுதும் ஒரே அசைவில் கண்ணாடிக் கோலை நறுக்கும் வேலையில் மனிதனின் சிந்தைக்கு இடமில்லை என்பது காரணம். வியப்பு என்னவெனில், அதே இடத்திற் பொற்கொல்லனின் வேலையையும் எனாமல் வேலையையும் அவர் விலக்கி வைக்கின்றார். மனித அறிவின் உயர்ந்த ஆற்றல் அவற்றிற் செயற்பட முடியும் என்கின்றார். பழிக்கவேண்டியது ஆடம்பரத்தையன்று, சிந்தையற்ற உழைப்பை என்பது இதன் பொருள். இவ்வளவுகோலை ஏற்றால் ஒரே சிமிழ் இரண்டாகப் பிளவுபடும். வடிவத்தைத் தீட்டியவன் ஒருபுறம். பொறியின் கைப்பிடியைச் சுழற்றி ஆயிரம் அலைவரிகளைக் கீறியவன் மறுபுறம்.

றஸ்கின், மொறிஸ் ஆகியோரின் வழியில் நின்று இவ்வினாவை நமது மண்ணுக்குக் கொண்டுவந்தவர், 1877இற் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1908இல் அவர் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல் மொறிஸின் அச்சியந்திரத்திலேயே அச்சிடப்பட்டதென்பது தற்செயலன்று. கண்டி இராச்சியத்துக் கைவினைஞன் சந்தைக்காக அன்றி, தொழிலுக்கென வழங்கப்பெற்ற நிலத்தில் ஊன்றி நின்று பணிசெய்தான் என்பதில் அவர் கைத்தொழிலின் மாண்பைக் கண்டார். அம்மாண்பை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்நிலம் சாதியோடும் கட்டாய ஊழியத்தோடும் சேர்ந்தே வந்தது. பாரிஸின் கூலித்தொழிலாளி காத்திருந்தாவது ஒருநாள் தலைமைத் தொழிலாளியாகலாம் என்று கனவு காண முடிந்தது. இங்கு பிறப்பே தொழிலையும் மதிப்பையும் தீர்த்துவைத்தது. பழைய சமூகத்திற் கைவினைஞன் மகிழ்ந்திருந்தான் என்று கூறுவோர் அவனிடமே கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இதுவரை சிமிழின் வெளிப்புறத்தைப் பேசினோம். உள்ளே என்ன இருந்தது? பிரான்சிற் புகையிலை விற்பனை அரச ஏகபோகம். 1730 முதல் அதனைக் குத்தகைக்கு எடுத்தோர் பெரும் வரிக்குத்தகைக் கழகத்தினர். அவர்கள் வாங்கிய இலையின் பெரும்பகுதி வேர்ஜீனியா, மேரிலாந்துத் தோட்டங்களிலிருந்து பிரித்தானிய வணிகரூடாக வந்தது. அத்தோட்டங்களில் உழைத்தோர் ஆபிரிக்க அடிமைகள். சிமிழின் பொன்னுக்கு வருவோமாயின், அந்நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த புதுப் பொன்னின் பெரும் ஊற்று பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் பகுதி; ஆற்றுமணலிற் குனிந்து அதனை அரித்தெடுத்தோரும் அடிமைகளே. உருக்கியபின் பொன்னுக்குப் பிறப்பிடம் இல்லை. ஆதலால் குறித்த ஒரு சிமிழின் பொன் எங்கிருந்து வந்ததென எவராலும் கூறவியலாது. அதுவே அதன் வசதியும். எடையும் தரமும் வரியும் பட்டறையும் முத்திரையாகப் பதியப்பட்ட அச்சிறு பொருளில் இவ்வொன்றுக்கு மட்டும் முத்திரை இல்லை.

இங்கேதான் எனது வாதம் தடுமாறுகின்றது என்பதை மறைக்க விரும்பவில்லை. பிரபுவுக்கு எதிராகப் பொற்கொல்லனை நிறுத்தி, சிமிழின் அழகைப் பிரபுவிடமிருந்து மீட்டு உழைத்தவனிடம் ஒப்படைத்துவிடலாம் என்று எண்ணியே எழுதத் தொடங்கினேன். இப்பொழுது அவனது பலகையின்மேல் கிடக்கும் பொருளே வேறொருவனிடமிருந்து பறிக்கப்பட்டதாயிருக்கின்றது. தோலில் விழும் துகளைச் சேர்த்தெடுக்கும் அவனது கவனம், ஆற்றுமணலில் நின்றவனை எட்டவில்லை. எட்டியிருக்க முடியுமா என்பது வேறு வினா. அவன் அறிந்திருக்கமாட்டான் என்று ஒரு நண்பர் வாதிட்டார். பாரிஸில் அச்செய்திகள் அறியப்படாதவை அல்ல. வோல்ட்டேரே 1759இல் எழுதிய 'கண்டிட்' கதையில், ஐரோப்பியர் உண்ணும் சர்க்கரையின் விலையாகக் கையையும் காலையும் இழந்த அடிமையொருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார். சர்க்கரையைப் பற்றி அறிந்த நகரம் புகையிலையைப் பற்றி அறியாதிருந்திருக்குமா?

ஆயினும் அறியாமையின் அளவும் ஆற்றாமையின் அளவும் எல்லோருக்கும் ஒன்றல்ல. குத்தகைக் கழகத்தினன் இலாபத்தைப் பகிர்ந்தான். அரசன் பொருளைத் தேர்ந்தான். கூலித்தொழிலாளியோ தனக்குத் தரப்பட்ட பொன்னில் தனக்குச் சொல்லப்பட்ட வேலையைச் செய்தான்; அவன் விலகியிருந்தால் அடுத்தவன் அமர்ந்திருப்பான். இவ்வாறு கூறுவது அவனை முற்றாக விடுவிப்பதாகாது என்பதை அட்ரியன் வஷெத் என்பாரின் வாழ்வு நினைவூட்டுகின்றது. 1753இற் பிறந்த இவர் 1779இல் தலைமைத் தொழிலாளியானார்; 1839இல் மறைந்தார். பதினாறாம் லூயியின் காலத்திற் சிமிழ் செய்தார். புரட்சி வந்தது, 1791இல் தொழிற்சங்கங்கள் கலைக்கப்பட்டன, 1797 நவம்பரில் முத்திரைகளெல்லாம் புதிய சட்டத்தினால் மாற்றப்பட்டன. நெப்போலியன் பேரரசனானதும் பழைய வழக்கப்படியே பரிசுச் சிமிழ்கள் வேண்டப்பட்டன, வஷெத் செய்தார். முடியாட்சி மீண்டபோதும் செய்தார். பழைய பொருள்களிலிருந்து கழற்றிய பகுதிகளைப் புதிய சிமிழ்களிற் பொருத்துவதில் அவர் வல்லவர். மூடியில் எவரது முகம் இருந்தாலும் கீல் ஒரே செம்மையுடன் இருந்தது. இதை நேர்மை என்பதா, எவரிடமும் கேள்வி கேட்காத பணிவு என்பதா? வேலைக்குள்ளேயே அளவுகோல் இருக்கின்றது என்று மேலே போற்றினோம். அந்த அளவுகோல் வேலைக்கு வெளியே எதையும் அளக்க மறுக்கும்போது அதுவே ஒரு குறையாகின்றது. இரண்டும் ஒரே குணத்தின் இரு முகங்கள் என்றே எனக்குத் தோன்றுகின்றது. ஒன்றைப் பெற்று மற்றதைத் தவிர்க்கும் வழி எனக்குத் தெரியவில்லை. இது பொற்கொல்லருக்கு மட்டுமே உரிய சிக்கலென்று பல்கலைக்கழகத்தில் இருப்போர் நினைத்துக்கொள்ளத் தேவையில்லை.

அப்படியானால் உருக்கிவிடலாமா? பிரெஞ்சு அரசர்களே இதற்கு வழிகாட்டினர். 1689இலும் 1709இலும் பதினான்காம் லூயியும், 1759இல் பதினைந்தாம் லூயியும் போர்ச்செலவுக்காகப் பொன் வெள்ளிப் பாத்திரங்களை நாணயச்சாலைக்கு அனுப்புவித்தனர். ஆடம்பரத்தை அழித்தவர் சமத்துவத்தை வேண்டினார் என்பதற்கில்லை. பல தலைமுறைக் கைத்திறன் போர்வீரரின் கூலியாயிற்று. உருக்குவோனுக்கும், வைத்துப் பூட்டுவோனுக்கும், சிமிழ் என்பது பொன்னே. இச்சிமிழ் பிரபுக்களின் வீண்விளையாட்டு, ஆகவே இதிற் கற்க ஒன்றுமில்லை என்று தீர்ப்பளிக்கும் நாமும் அதே பக்கம் சாய்கின்றோம். ஏனெனில் பொருளைப் பார்க்குமிடத்து உடைமையாளனை மட்டுமே காண்கின்றோம். மறையாத கீலுக்காகத் திரும்பவும் அராவத்தை எடுத்தவனிடமிருந்து கூலியின் மிகுதியை ஒருவன் எடுத்துக்கொண்டான். வேலையின் பெருமையையும் அவ்வொருவனுக்கே உரித்தாக்கி நாம் எழுதிக்கொடுத்துவிடுகின்றோம். ரூசோவோடு எனக்குள்ள பிணக்கு இதுவே. அவர் சிமிழை எறியும்போது அதனோடு சிமிழ் செய்தவனையும் எறிந்தார். கான்றோடுள்ள பிணக்கோ மறுபுறமானது. வியர்வையைப் பற்றிய வினாவுக்கு அவர் ஒதுக்கிய வேறோர் இடத்துக்கு, அழகைப் பார்க்கச் சென்றவர் எவரும் பிறகு சென்றதாகத் தெரியவில்லை.

1770-71இல் லூயி ரூசெல் என்பாரின் முத்திரையுடன் செய்யப்பட்ட சிமிழொன்றின் ஆறு பக்கங்களிலும் வான் பிளாரென்பெர்க் தீட்டிய சிற்றோவியங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அது ஷுவாசேல் கோமகனின் சிமிழ். வெளிநாட்டமைச்சராக இருந்தவர், தூதுவருக்குப் பரிசுச் சிமிழ்கள் சென்றதும் அவரது அமைச்சின் வழியேதான். அவரது பாரிஸ் மாளிகையின் அறைகளும், சுவர்களில் தொங்கிய ஓவியங்களும், ஒவ்வொன்றும் இன்னதென அறியத்தக்க நுணுக்கத்தோடு அதிலே தீட்டப்பட்டுள்ளன. ஒரு பக்கத்தில் லூவர் மாளிகையின் பெருங்கூடம், கோட்டைகளின் மாதிரியுருக்கள் நிரம்பியதாகக் காட்சி தருகின்றது. 1770 டிசம்பரில் ஷுவாசேல் பதவி பறிக்கப்பட்டு நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டார். 1772இல் அவரது ஓவியங்கள் ஏலத்திற் போயின. அவ்வறைகள் எவ்வாறிருந்தன என்பதை இன்று நாம் அறிவது பெரும்பாலும் இச்சிமிழினாலேதான். 2022இல் இதனை வாங்குவதற்காக லூவர் நூதனசாலை பொதுமக்களிடம் நன்கொடை கேட்டது; மக்களும் கொடுத்தனர். தான் சித்திரித்த மாளிகைக்கே, பொதுச் சொத்தாக, அது வந்து சேர்ந்தது.

அவ்வோவியங்களில் அமைச்சர் எழுதுகின்றார். மற்றோரோடு நின்று பேசுகின்றார். சுவரிலுள்ள ஓவியங்களுக்குப் பெயருண்டு; இருக்கைகளைச் செய்தவர் எவரெனவும் அறிஞர் ஆராய்கின்றனர். இச்சிமிழைப் பற்றிப் பேசுமிடத்தெல்லாம் ஷுவாசேல், பிளாரென்பெர்க், ரூசெல் என்று மூன்று பெயர்கள் வரும். கீலைச் செய்தது ரூசெல்தானா, அவரது பலகையில் அமர்ந்திருந்த வேறொருவனா என்பதைச் சிமிழ் கூறவில்லை.